நான்காம் அச்சம்

எங்கள் கல்லூரி மாணவர் மன்றத்தார் ஆண்டுதோறும் கையெழுத்துச் சஞ்சிகையொன்றை வெளியிடுவது வழக்கம். அதற்கு வரும் ஆக்கங்களைப் படித்துப் பிழை களைந்து கொடுக்கும் பொறுப்பு, தமிழாசிரியன் என்ற முறையில், என்னைச் சார்ந்தது. இவ்வாண்டு வந்த கதைகளுள் ஒன்று பதினேழு வயது மாணவன் ஒருவன் எழுதியது. ஏழு பேர் ஏறிச் செல்லும் விண்கலமொன்றிற் பேயொன்று புகுந்து அவர்களை ஒருவர்பின் ஒருவராகக் கொல்லுகின்றது. இறுதியிற் கலமும் எரிந்து அழிகின்றது. இதுவே கதை. பக்கந்தோறும் குருதி பெருகிற்று. வரிதோறும் அலறல் கேட்டது. நடை நன்றாயிருந்தது, சந்திப் பிழைகளும் அதிகமில்லை. ஆயினும், படித்து முடித்தபோது எனக்கு அச்சம் பிறக்கவில்லை.

ஏன் பிறக்கவில்லை என்பதை அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது. அச்சம் என்னும் மெய்ப்பாடு தோன்றும் நிலைக்களன்களைத் தொல்காப்பியர் நான்காக வகுத்தார் என்பதை மாணவர் அறிவர். அணங்கு ஒன்று, விலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, தமக்கு மேலாய் நிற்கும் தலைவர் ஒன்று. முதல் மூன்றும் எளிதில் விளங்குவன. பேய்க்கும் புலிக்கும் கள்வனுக்கும் அஞ்சாதார் யாவர்? நான்காவதைப் படிப்பிக்கும்போது மட்டும் வகுப்பிற் சிறிது மயக்கம் உண்டாகும். மேலோர்க்கு அஞ்சி ஒழுகுவது நற்பண்பன்றோ, அதனைப் பேயோடும் புலியோடும் ஒருங்கு வைத்து எண்ணுவது எற்றுக்கு என ஒருமுறை ஒரு மாணவி வினவினாள். அன்று நான் தக்க விடை கூறினேனல்லேன்.

இன்று கூறலாம் என்று நினைக்கின்றேன். ஏழு பேர் ஏறிய விண்கலமொன்று மெய்யாகவே எரிந்து சிதைந்தது. அதிலே பேய் இல்லை, விலங்கு இல்லை, கள்வரும் இல்லை. அதனை அழித்தவற்றுள் ஒன்று இந்த நான்காம் அச்சம். அக்கலத்தில் இருந்தவருள் ஒருவர், நம் அயல் நாடாகிய இந்தியாவிற் பிறந்த கல்பனா சாவ்லா. அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் அந்நாளிற் பிறந்தாரல்லர். அவர்கள்பொருட்டு அவ்வம்மையாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுகின்றேன்.

வட இந்தியாவிலே, இன்றைய ஹரியானா மாநிலத்திலுள்ள கர்னால் என்னும் ஊரிலே, 1962ஆம் ஆண்டு மார்ச் மாதம் 17ஆந் திகதி கல்பனா பிறந்தார். அவருடைய குடும்பத்தார் 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்து யாவற்றையும் இழந்து வந்தோர். தந்தையார் பனாரசி லால் சாவ்லா சிறு தொழில்கள் பல செய்து, பின்னர் வண்டிச் சக்கரங்களுக்கான ரயர் செய்யும் தொழிலில் முன்னேறினார். நான்கு பிள்ளைகளுட் கடைக்குட்டியாகப் பிறந்த மகளுக்கு வீட்டிலே செல்லப்பெயர் மட்டும் வழங்கிற்று. பள்ளியிற் சேர்க்கச் சென்றபோதுதான் முறையான பெயர் வேண்டியிருந்தது. மூன்று பெயர்கள் நினைவிலுள்ளன என்று உடன் சென்ற உறவினர் கூற, எதனை விரும்புகின்றாய் எனத் தலைமையாசிரியை குழந்தையையே கேட்டார் என்றும், குழந்தை தயங்காது கல்பனா என்ற பெயரைத் தெரிந்தெடுத்தது என்றும் சொல்லுவர். வடமொழியிலிருந்து நாம் கற்பனை என எடுத்து வழங்கும் சொல்லே அது. தன் பெயரைத் தானே தெரிந்துகொண்ட குழந்தை, பிற்காலத்தில் தன் வழியையும் தானே தெரிந்துகொண்டது.

கர்னாலிற் சிறு விமானங்கள் பறக்கும் கழகமொன்று இருந்தது. வீட்டுக்கு மேலே தாழப் பறந்து செல்லும் அவ்விமானங்களைக் காணச் சிறுமியும் தமையனாரும் ஈருருளியில் ஓடுவர். தந்தையார் ஒருநாள் மகளை அவற்றுள் ஒன்றில் ஏற்றிச் சென்று காட்டினார். மற்றைப் பிள்ளைகள் மலையும் ஆறும் வரைந்தபோது இவர் விமானம் வரைந்தார். ஊரிலிருந்த தாகூர் பால நிகேதன் என்னும் பள்ளியிலே படிப்பை முடித்து, சண்டிகாரிலுள்ள பஞ்சாப் பொறியியற் கல்லூரியிற் சேர்ந்தார். வானூர்திப் பொறியியலைப் பயில வேண்டும் என்று கேட்டபோது, பெண்ணுக்கு ஏற்ற துறை அதுவன்று, வேறொன்றை எடுத்துக்கொள் என ஆசிரியர் அறிவுரை கூறினர். அவர் இணங்கவில்லை. அத்துறையிற் பயின்ற ஆடவரிடையே தனியொரு பெண்ணாக இருந்து 1982இற் பட்டம் பெற்றார்.

மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்ல விரும்பியபோது தந்தையார் தயங்கினார். அத்தடையையும் கடந்து ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆர்லிங்ரன் வளாகத்தில் 1984இல் முதுநிலைப் பட்டமும், கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1988இற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அவ்வாண்டே நாசா நிறுவனத்தின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில், பறக்கும் ஊர்தியைச் சுற்றிக் காற்று ஓடும் முறையைக் கணினியாற் கணிக்கும் பணியில் அமர்ந்தார். விமானமும் வழுக்கு விமானமும் ஓட்டக் கற்றதோடு, பிறர்க்குக் கற்பிக்கும் உரிமமும் பெற்றார். 1994 டிசம்பரில் விண்வெளி வீரர் பயிற்சிக்குத் தெரிவுசெய்யப்பட்டார். விரும்பியதைக் கேட்டுப் பெறுவதற்கு அவர் எவர் முன்னும் அஞ்சியதில்லை. இஃது அவர் வாழ்வின் முதற் பாதி.

1997 நவம்பர் 19ஆந் திகதி கொலம்பியா என்னும் விண்ணோடத்தில் ஏறி, இந்தியாவிற் பிறந்த பெண்களுள் முதல்வராக விண்வெளி சென்றார். அப்பயணத்திலே ஞாயிற்றை ஆராயும் ஸ்பார்ட்டன் என்ற செய்மதியை இயந்திரக் கையினால் எடுத்து வெளியே விடும் பணி அவருடையது. வெளியே விடப்பட்ட செய்மதி இயங்கவில்லை. மீண்டும் பற்ற முயன்றபோது அது சுழலத் தொடங்கிற்று. பின்னர் அவருடைய தோழர் இருவர் கலத்துக்கு வெளியே சென்று, தம் கைகளாலேயே அதனைப் பிடித்துக் கொணர்ந்தனர். பிழை கல்பனாவினுடையதே என்று பத்திரிகைகள் பேசின. நாசா நிறுவனம் மாதக்கணக்கில் ஆராய்ந்து, மென்பொருள் அமைப்பிலும், கலத்தோர்க்கும் தரையிலிருப்போர்க்கும் வகுத்த முறைகளிலும் குறையுண்டு எனக் கண்டது. பழி நீங்கிற்று. ஒரு செய்மதி வாளா கிடந்ததற்கு இத்துணை ஆராய்ச்சி நிகழ்ந்தது என்பதை வாசகர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

புகழ் வந்த பின்னரும் அவர் கர்னாலை மறந்தாரல்லர். தாம் பயின்ற பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் இரு மாணவர் நாசாவின் கோடைகாலப் பயிற்சிக்கு வர வழிசெய்தார்.

இரண்டாம் பயணம் பலமுறை பிற்போடப்பட்டது. ஈற்றில் 2003 ஜனவரி 16ஆந் திகதி அதே கொலம்பியா எழுவரைச் சுமந்து எழுந்தது. 1981இல் முதன்முதற் பறந்த அக்கலத்துக்கு அஃது இருபத்தெட்டாவது பயணம். ரிக் ஹஸ்பண்ட் தலைவர். வில்லியம் மக்கூல் வலவர். மைக்கல் அண்டர்சன், டேவிட் பிரவுன், லோரல் கிளார்க், இஸ்ரேல் நாட்டவரான இலான் றமோன் என்போர் ஏனையோர். இரு வலவர்க்கும் பின்னே அமர்ந்து பொறிகளைக் கண்காணிக்கும் பொறியியலாளர் இடம் கல்பனாவுக்கு வாய்த்தது.

கலம் எழுந்து 82 விநாடிகூட நிறையவில்லை. எரிபொருட் பெருந்தாங்கியின் வெளிப்புறத்திலே வெப்பங் காக்கப் பூசிய நுரைப்பொருளிலிருந்து ஒரு துண்டு கழன்றது. பிள்ளைகள் கைப்பணிக்கு வெட்டும் றெஜிபோம் போன்ற இலேசான பொருள் அது. நிறை முக்கால் கிலோகிராம் அளவே. ஆயினும், கலம் சென்ற விரைவினாலே அது மணிக்கு ஏறத்தாழ 800 கிலோமீற்றர் வேகத்தில் இடது சிறகின் முன்விளிம்பிற் சென்று மோதிற்று. பூமிக்கு மீளும்போது அம்முன்விளிம்பு 1,600 பாகை செல்சியசை அண்டும் வெப்பத்தைத் தாங்க வேண்டும். அதன் உள்ளே இருப்பதோ 660 பாகையில் உருகும் அலுமினியம். ஆகவே, பயணத்தின் முதல் இரண்டு நிமிடத்துள்ளேயே அக்கலத்தின் விதி எழுதப்பட்டுவிட்டது. எழுவரும் அதனை அறியார். பதினாறு நாள் அவர்கள் இரு குழுவாய்ப் பிரிந்து, இரவுபகலாக எண்பதளவு ஆய்வுகளை நடத்தினர், உண்டனர், உறங்கினர், வீட்டாருடன் பேசி மகிழ்ந்தனர்.

எவருமே அறியாதிருந்தால் அதனை ஊழ் எனக் கூறி அமையலாம். தரையிலிருந்தோர் மறுநாளே அறிந்தனர். புறப்பாட்டைப் பிடித்த படங்களை ஆராய்ந்தபோது நுரைத்துண்டு சிறகில் மோதுவது தெரிந்தது. எவ்வளவு சேதம் என்பது மட்டும் தெரியவில்லை. வானிலுள்ள உளவுச் செய்மதிகளாலோ வலிய தொலைநோக்கிகளாலோ சிறகைப் படமெடுத்துத் தருமாறு பொறியியலாளர் மும்முறை முயன்றனர். வேண்டுகோள் உரிய வழியாக வரவில்லை எனக் கருதப்பட்டது. தொடங்கிய ஏற்பாடும் நிறுத்தப்பட்டது. முந்திய பயணங்களிலும் நுரை கழன்று விழுந்தும் கலங்கள் நலமே மீண்டமையால், அது பழகிய செய்தியாயிற்று. பழகிய பாம்பும் பாம்புதான் என்பதை எவரும் நினைத்திலர்.

பொறியியலாளர் ஒருவர் தம் கவலையையெல்லாம் கொட்டி மேலாளர்க்கு ஒரு கடிதம் வரைந்தார். தமக்கு மேலே உள்ளவரைத் தாண்டிச் செல்லுதல் தகாது என்று எண்ணி அதனை அனுப்பாது விட்டார். ஆலோசனைக் கூட்டங்களிலே ஐயம் உடையோர் வாய் திறக்கவில்லை. தலைமை தாங்கியோர் ஐயம் உண்டோ எனத் துருவிக் கேட்கவுமில்லை. ஜனவரி 23ஆந் திகதி கலத்தலைவருக்கும் வலவருக்கும் ஒரு மின்னஞ்சல் சென்றது. நுரை பட்டது உண்மை, ஆயினும் மீளுதலுக்குக் கவலை சிறிதும் இல்லை என்பது அதன் சாரம். பத்திரிகையாளர் வினவினால் விடை கூறுதற்கு உதவும் என்றே அச்செய்தி அனுப்பப்பட்டது. அவர்கள் நன்றி கூறித் தம் பணியைத் தொடர்ந்தனர்.

மாணவனே, உன் கதையிற் பேய் வருமிடத்தில் இந்த மின்னஞ்சலை வைத்துப் பார். எது கொடிது?

2003 பெப்ரவரி முதலாந் திகதி சனிக்கிழமை. புளோரிடாவிற் காலை 9 மணி 16 நிமிடத்துக்குக் கலம் இறங்க வேண்டும். உறவினர் ஓடுபாதையருகே காத்து நின்றனர். வளிமண்டலத்திற் கலம் நுழைந்தபோது அதனுள்ளே பிடித்த ஒளிப்படச்சுருள் ஒன்று பின்னர் ரெக்சாஸ் மண்ணிற் கண்டெடுக்கப்பட்டது. அதிலே அலறல் இல்லை. சாளரத்துக்கு வெளியே ஒளிரும் செந்நிறச் சுவாலையைக் கண்டு வியக்கின்றனர்; கையுறை அணிகின்றனர்; சிரித்துப் பேசுகின்றனர். சிதைவுக்குச் சில நிமிடம் முன்னர்ச் சுருள் முடிந்துவிடுகின்றது. சிறகின் துளை வழியே அதே சுவாலை அந்நேரம் உள்ளே புகுந்துகொண்டிருந்தது. முதலில் இடது சிறகின் உணர்கருவிகள் ஒவ்வொன்றாக வாய் மூடின. சற்றே 9 மணிக்கு முன் தலைவரின் குரல் இடையில் அறுந்தது. தரையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீற்றர் உயரத்தில், ஒலியின் வேகத்தைப்போலப் பதினெட்டு மடங்கு விரைவிற் சென்றுகொண்டிருந்த கலம் துண்டு துண்டாயிற்று. இறங்குதற்குப் பதினாறு நிமிடமே எஞ்சியிருந்தது. கல்பனாவுக்கு அப்போது வயது நாற்பது.

கலம் என்ற சொல்லை நம் முன்னோர் மரக்கலத்துக்கு வழங்கினர். மணிமேகலையிலே சாதுவன் ஏறிய கலம் உடைந்தபோது, ஒடிந்த பாய்மரத் துண்டொன்று அவனுக்குக் கிடைத்தது. அதனைப் பற்றிக் கரை சேர்ந்தான். 1942 ஏப்ரல் 9ஆந் திகதி நம் மட்டக்களப்புக் கடலிலே, யப்பானிய விமானங்களின் குண்டுபட்டு ஹெர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் மூழ்கியபோதும், முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனராயினும், நீரில் மிதந்த பலரை வேறொரு கப்பல் வந்து காத்தது. கடலிலே பற்றுதற்கு ஒரு மரத்துண்டாவது உண்டு. வானிலே அதுவும் இல்லை. அங்கே பற்றுக்கோடாக இருக்கத்தக்கது தரையிலிருப்போரின் சொல் ஒன்றே.

அவர்களைக் காத்திருக்க இயலுமா என்ற வினா எழும். விபத்தை ஆராய்ந்த குழு அதனையும் ஆராய்ந்தது. சேதத்தின் தன்மை பயணத்தின் முதல் வாரத்திலேயே அறியப்பட்டிருந்தால், உணவையும் உயிர்வளியையும் சிக்கனமாகப் பயன்படுத்தி எழுவரும் பெப்ரவரி நடுப்பகுதிவரை உயிர் தாங்கியிருக்கலாம். ஏற்கெனவே அடுத்த பயணத்துக்குச் சித்தமாகிக்கொண்டிருந்த அத்திலாந்திஸ் என்ற விண்ணோடத்தை விரைந்து ஆயத்தஞ் செய்து, பெப்ரவரி 10ஆந் திகதியளவில் அனுப்பியிருக்கலாம். மிகக் கடினமான செயல். ஆயினும், இயலாத செயலன்று. அவ்வாண்டு ஜூலையில், நுரைத்துண்டொன்றை அதே வேகத்திற் சிறகுத் தகட்டின்மேல் எறிந்து சோதித்தபோது, ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் அகலமான துளை விழுந்தது. அதுவரை நுரையினால் அத்துணைச் சேதம் விளையாது என்று வாதித்தோரும் அன்று வாயடைத்தனர். ஓகஸ்ற் மாதம் வெளிவந்த அறிக்கை, நுரைத்துண்டுக்கு எவ்வளவு பழியுண்டோ அவ்வளவு பழி அந்நிறுவனத்தின் நடைமுறைக்கும் உண்டு எனத் தீர்ப்புக் கூறிற்று. கீழிருப்போரின் ஐயம் மேலே ஏறிச் செல்லாத அமைப்பு எதுவோ அதுவே கலத்தை அழித்தது.

இதுவே நான்காம் அச்சம். தன் பெயரையும் துறையையும் நாட்டையும் தானே தெரிந்துகொண்டு, ஆசிரியர் முன்னும் தந்தையார் முன்னும் வாய் திறக்க அஞ்சாத ஒரு பெண், தமக்கு முன்பின் அறிமுகமில்லாத அறைகளிலே வேறு சிலர் வாய் திறக்க அஞ்சியமையால் உயிர் துறந்தார். ஒருவருடைய அச்சம் மற்றொருவருடைய உயிரைக் கொள்ளுமாயின், அதனைப் பேயோடும் புலியோடும் ஒருங்கு எண்ணியது பொருத்தமே. அன்று வினவிய மாணவிக்கு நான் கூறாது விட்ட விடை இதுவாகும்.

கல்பனாவின் சாம்பர், அவர் விரும்பியவாறே, அமெரிக்காவின் யூற்றா மாநிலத்திலுள்ள சயன் என்னும் மலைப் பள்ளத்தாக்கிலே தூவப்பட்டது. இந்தியா 2002இல் ஏவிய வானிலைச் செய்மதி அவர் பெயரைத் தாங்கிற்று. தமிழ்நாட்டு அரசு துணிவுமிக்க பெண்ணுக்கு வழங்கும் விருது அவர் பெயரால் வழங்கப்படுகின்றது. துணிவுக்கு அவர் பெயரை இட்டது தகும். எனினும், துணிவு பேசுவோர்க்கு மட்டும் வேண்டுவதன்று. கேட்போர்க்கும் வேண்டும் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

இதனை எழுத எனக்கு உரிமை உண்டோ என்றும் எண்ணிப் பார்த்தேன். பல ஆண்டுகளுக்கு முன், படுவான்கரையிலிருந்து தோணியேறி வாவியைக் கடந்து பாடசாலைக்கு வரும் மாணவன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். மாரிகாலத்தில் ஒருநாள் பிந்தி வந்து, தோணியிலே நீர் கசிகின்றது, இறைத்து இறைத்து வரப் பிந்திவிட்டது என்றான். பிந்தி வருவோர் கூறும் சாட்டு எனக் கருதி, அவனை வாயிலில் நிற்க வைத்தேன். மறுநாளும் அவன் அதனையே கூறினான். நானும் அவ்வாறே செய்தேன். மூன்றாம் நாள் அவன் ஒன்றும் கூறாமல் தானே சென்று வாயிலில் நின்றுகொண்டான். அடுத்த வாரம் அத்தோணி கரைக்கு அண்மையிலே தாழ்ந்தது. இடுப்பளவு நீர், பிள்ளைகள் நனைந்த புத்தகங்களோடு நடந்து கரையேறினர். ஒருவருக்கும் ஊறில்லை. நடுவாவியில் நிகழ்ந்திருந்தால் என்னாகும் என்று இன்றும் சில இரவுகளில் நினைக்கின்றேன். அம்மாணவனின் வாயை அடைத்தது அணங்குமன்று, விலங்குமன்று, கள்வருமன்று. நானே.

நம் வாவியிலே மீன் பாடுவதைக் கேட்க விரும்புவோர் நிலாக்காலத்திற் கல்லடிப் பாலத்தருகே தோணியில் செல்வர். வலித்துக்கொண்டே போனால் ஒன்றும் கேளாது. தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீருள் ஆழ்த்தி, மறுநுனியைக் காதில் வைத்து, பேச்சடங்கி இருத்தல் வேண்டும். மெல்லிய குரலை அவ்வாறே கேட்க இயலும்.

சஞ்சிகைக்கு வந்த கதையை மாணவனிடம் திருப்பிக் கொடுத்து, பேயை நீக்கிவிட்டு, அறிந்தும் கூறாத ஒருவனை அவ்விடத்தில் வைத்து எழுதுமாறு சொன்னேன். அவன் தாளை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றான். என்னவென்று கேட்டேன். நெடுநேரம் தயங்கியபின், தான் எழுதிய எரிகலம் என்ற சொல்லுக்கு இடையிலே நான் சிவப்பு மையினால் ஓர் ஒற்றுச் சேர்த்திருப்பதைக் காட்டி, அது வினைத்தொகை அல்லவோ என்றான். வினைத்தொகையில் வல்லொற்று மிகாது. இரவு விளக்கிலே விரைந்து திருத்தியபோது நேர்ந்த பிழை. பையன் கூறியதே சரி. அவன் முன்னிலையிலேயே அவ்வொற்றை அடித்துவிட்டு, அருகில் என் கையெழுத்தையும் இட்டுக் கொடுத்தேன்.